ஓட்டையை அடைத்த உளுந்து

குழாய் ஓட்டைக்குள் போனது. போனதோடு நில்லாமல், உள்ளே நின்று ஆடவும் ஆடியது.

"கிராணியாரே, இது இந்தப் படகுக்கு வந்த குழாய்தானா, இல்ல தண்ணித் தொட்டிக்கு வந்ததா?" என்று குனிந்த வாக்கிலேயே கேட்டார் அமலதாஸ்.

ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணி சிவானந்தம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கையிலிருந்த காகிதத்தைப் படித்தார். "புகைக்குழாய், மூணு அங்குலம், ஒண்ணு. சரியாத்தான் போட்டிருக்கு."

"காகிதத்துல மூணு அங்குலம். கையில ரெண்டு அங்குலம்."

"நமக்குக் காகிதம்தான் பேசும் லா, தாஸு."

"அப்ப அந்தக் காகிதத்தையே சுருட்டிச் சொருகிடவா?"

சிவானந்தம் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார். அமலதாஸ் சொன்னதைச் செய்யக்கூடிய ஆள்தான்.

கோலசிலாங்கூர் ஆற்றோரத்தில் அரசாங்கப் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதில் அமலதாஸ் தலைமைத் தச்சர். அவர் உளி பிடித்தால் மரம் தானாகவே விலகி வழிவிடும் என்பார்கள். சொன்னவர்களில் முதல் ஆள் அமலதாஸ். அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில், காட்டுக்குள் கொம்னிஸ்காரர்களும் ரோட்டில் பட்டாளத்துக்காரர்களுமாக நாடு இரண்டுபட்டுக் கிடந்தபோது, அவர் கையில் வந்து சேர்ந்தது போலீஸ் ரோந்துப் படகு ஒன்று. பெயர் 'பிந்தாங் லாவுட்'. மலாயில் கடல் நட்சத்திரம், அதாவது நட்சத்திர மீன். நட்சத்திர மீன் கடலின் அடியில் போய்ப் படுத்திருக்கும். இந்தப் படகும் பெயரைக் காப்பாற்ற இரண்டு முறை முயன்றிருந்தது.

மூன்றாவது முறை முயலும் முன் அதைத் தண்டவாளத்தின் மேல் இழுத்துக் கரையேற்றி, அடியில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டி, புழு அரித்த பலகைகளை மாற்றி, இடுக்கெல்லாம் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடித்து முடித்திருந்தார் அமலதாஸ். பாக்கி ஒரே ஒரு வேலை. பின்பலகையில், நீர்மட்டத்துக்கு நாலு விரல்கடை மேலே, எஞ்சின் புகைக்குழாய் வெளியே வரும் ஓட்டை. காகிதத்தை நம்பி மூன்று அங்குலத்துக்குத் துளைத்துவிட்டார். இப்போது குழாயைச் சுற்றி அரை அங்குலம் வானம் தெரிந்தது.

மரத்தை வைத்து அடைத்தால் சூட்டில் கரியும். பஞ்சை வைத்தால் பற்றிக்கொள்ளும். சூடு தாங்கும் மக்குப் பசை வைத்துத்தான் அடைக்க வேண்டும்.

"மக்கு எடுங்க, கிராணியாரே."

"மக்கு தீர்ந்து போச்சு. லோரி ரவாங்குக்கு அங்கிட்டு நிக்குது. ரோட்டுல சுடுறாங்களாம், விட மாட்டேங்கிறாங்க."

பட்டறையில்தான் மக்கு தீர்ந்திருந்தது. ஆபீசில் தீரவில்லை என்பதை நிரூபிக்க அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் டன்ஸ்டன் துரை.

டன்ஸ்டன் துரை படகுப் போலீசின் அதிகாரி. அதற்கு முன் ரப்பர்த் தோட்டமொன்றில் சின்னத் துரையாக இருந்தவர். தமிழில் அவருக்குப் பன்னிரண்டு சொற்கள் தெரியும். பன்னிரண்டும் கட்டளைகள். பதின்மூன்றாவது சொல் தேவைப்பட்டால் சிவானந்தத்தைப் பார்ப்பார்.

"நாளைக்குப் பத்து மணிக்குப் படகு தண்ணீரில் இருக்க வேண்டும் என்கிறார்" என்று சிவானந்தம் மொழிபெயர்த்தார்.

அது அமலதாஸுக்கும் தெரியும். நாளை பௌர்ணமி. பௌர்ணமி, அமாவாசைக் கடலேற்ற வெள்ளத்தில்தான் ஆறு தண்டவாளத்தின் தலைவரைக்கும் ஏறும். நாளையை விட்டால் இன்னும் பதினைந்து நாள்.

"மக்கு இல்லன்னு சொல்லுங்க."

சிவானந்தம் சொன்னார். துரை நீளமாக ஏதோ பேசினார். சிவானந்தத்தின் முகம் கறுத்தது.

"என்னவாம்?"

"படகு எறங்கலன்னா நாசவேலைன்னு எழுதுவாராம். டாரூராட்டுங்கற அவசரச் சட்டத்துல நாசவேலைக்கு விசாரணையே கெடையாது தாஸு. ரெண்டு வருசம் உள்ள வச்சிட்டு அப்புறமாத்தான் ஏன்னு கேப்பாங்க."

துரை கிளம்பும்போது தனக்குத் தெரிந்த தமிழில் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். "சீக்கிரம்! வேலை! போ!"

அமலதாஸ் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பார்த்தார். பழைய காலத்துக் கப்பல்களுக்கு அதுதான் மக்கு. ஆனால் குழாயைச் சுற்றி அப்பியதும் அது ஒழுகிக் கீழே விழுந்தது. மறுபடி அப்பினார். மறுபடியும் விழுந்தது. பிடிமானம் இல்லை. கோயில் கட்டும் கொத்தனார்கள் சுண்ணாம்போடு உளுந்தை அரைத்துச் சேர்ப்பார்கள், வஜ்ஜிரமாய் இறுகும் என்று எப்போதோ கேட்டிருந்தது அப்போது நினைவுக்கு வந்தது.

உளுந்துக்கு எங்கே போவது என்று யோசிக்கவே இல்லை. காலையில் வீட்டுப் பின்கட்டில் ஆட்டுக்கல் ஓடிய சத்தம் காதில் இருந்தது.

மிச்சச் சுண்ணாம்பை இடுப்பில் முடிந்துகொண்டு, எண்ணெய்ப் புட்டியும் வாளியுமாக நேரே கோட்டர்சுக்கு நடந்தார். சமையலறையில் பெரிய சட்டி நிறைய மாவு, பொங்கிக்கொண்டு வெள்ளைவெளேரென்று இருந்தது. அதில் பாதியை வாளிக்குள் வழித்துப் போட்டபோது பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"என்னங்க பண்றீங்க?"

மாடில்டா வாசற்படியில் கரண்டியோடு நின்றாள்.

"கொஞ்சம் உளுந்து மாவு எடுத்தேன், மாட்டி."

"அது வடை மாவு! சாயங்காலம் சர்ச்சு சாமியார் வீடு மந்திரிக்க வர்றாரு. வெங்காயம், பச்சமொளகா, கருவேப்பில எல்லாம் போட்டு வச்சிருக்கேன். கண்ணு தெரியலையா?"

"அரசாங்கத்துக்கு வேணும்."

"அரசாங்கம் வடை திங்குதா?"

"திங்கல. ஓட்டைய அடைக்க."

மாடில்டா கணவனின் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "என்னமோ பெரிய தச்சருன்னு எங்கப்பாகிட்ட சொன்னாங்க" என்றாள். கரண்டியை ஓங்கவில்லை; ஆனால் கீழேயும் வைக்கவில்லை. "சாமியாரு கேட்டா நான் என்ன சொல்ல?"

"பாதி வடையத்தான் கர்த்தரு அனுப்பிச்சாருன்னு சொல்லு. ரெண்டு மீன வச்சு அய்யாயிரம் பேருக்குப் பந்தி போட்டவரு, இதச் சமாளிக்க மாட்டாரா?"

அவள் கரண்டி நிஜமாகவே உயர்வதற்குள் அமலதாஸ் தெருவுக்கு வந்துவிட்டார்.

கோட்டர்சுக்கும் பட்டறைக்கும் நடுவில் முள்வேலி. வேலியில் ஒரு கேட்டு. கேட்டில் ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள். காட்டுக்குள் இருப்பவர்களைப் பட்டினி போட்டே பிடிப்பது என்று அரசாங்கம் முடிவு செய்திருந்த காலம் அது. கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசிகூடப் போகக்கூடாது. ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் வாளியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும்.

"இனி அபா?" என்று மலாயில் கேட்டான் கான்ஸ்டபிள். இது என்ன?

"சிமின்" என்றார் அமலதாஸ். சிமெண்டு.

கான்ஸ்டபிள் குனிந்து பார்த்தான். சிமெண்டுக்குள் ஒரு கருவேப்பிலை தலை நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனான். முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான்.

அமலதாஸ் யோசிக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சுண்ணாம்புப் பொட்டலத்தை அவிழ்த்து அவன் கண்ணெதிரிலேயே வாளிக்குள் கொட்டினார். மறு கையால் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தார். குச்சியால் கிளறிவிட்டு, "மாக்கான் லா, சாப்பிடு" என்று வாளியை நீட்டினார்.

கான்ஸ்டபிள் ஓரடி பின்வாங்கினான். சுண்ணாம்பைப் போட்டுக்கொண்டு தன் சாப்பாட்டைத் தானே கெடுத்துக்கொள்கிற மனிதன் பூமியில் கிடையாது என்று முடிவு செய்திருக்க வேண்டும். கேட்டைத் திறந்துவிட்டான்.

உளுந்து கைவிடவில்லை. அப்பிய இடத்தில் அட்டையாய் ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலையில் உளியின் பின்புறத்தால் தட்டிப் பார்த்தார் அமலதாஸ். கல் மாதிரி 'ணங்' என்றது. பத்து மணி வெள்ளத்தில் பிந்தாங் லாவுட் தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கியது. செராங்கு மூசா, அதாவது படகோட்டி, உள்ளே குனிந்து கையால் தடவிப் பார்த்து, "கெரிங்!" என்று கத்தினார். காய்ந்து கிடக்கிறது, ஒரு சொட்டு இல்லை!

டன்ஸ்டன் துரை அமலதாஸின் தோளில் தட்டி, "சபாஷ்" என்றார். அது பதின்மூன்றாவது சொல். அமலதாஸ் அன்று வீட்டுக்குப் போனபோது, சாமியார் முன்னால் தலைக்கு ஒரு வடை வைத்த கதையை மாடில்டா விடாமல் சொல்லியும்கூட, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

சிரிப்பு மறுநாள் மத்தியானம் வரைக்கும்தான்.

ஆற்றின் மேலே பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் ரோந்து போய்விட்டு வந்த படகிலிருந்து நாலு போலீஸ்காரர்களும் எச்சிலை விழுங்கிக்கொண்டே இறங்கினார்கள். மூசா நேரே அமலதாஸிடம் வந்தார். மூசாவுக்கு இருபது வருஷம் தமிழர்களோடு பழக்கம்.

"தாஸ், படகு சூடாச்சுன்னா பசிக்குது."

"என்னது?"

"எஞ்சின் ஓடுது. குழாய் சூடாகுது. அப்புறம்... பாசார்ல வாடே சுடுவாங்களே, அந்த வாசம். துரை ரெண்டு தடவை படகைச் சோதனை போட்டாரு. யாரோ சாப்பாடு கடத்துறாங்கன்னு எங்க சட்டை எல்லாம் கழட்டிப் பார்த்தாரு."

அமலதாஸ் ஓடிப்போய்ப் பின்பலகையை முகர்ந்து பார்த்தார். அந்த வாசனையை அடைக்க எந்த மக்கும் கிடையாது. தேங்காயெண்ணெயும் உளுந்தும் வெங்காயமும் கொதிக்கிற குழாயைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் வேறென்ன செய்யும்? அது அதன் வேலையைத்தான் செய்கிறது.

"நோண்டி எடுத்துடவா?" என்று சிவானந்தத்திடம் கேட்டார்.

"எடுத்துட்டு? படகு தண்ணியில நிக்குது லா. அலையடிச்சா உள்ள ஏறும். அடுத்த வெள்ளம் அமாவாசைக்குத்தான்."

அப்படியானால் வாசனையை மறைக்க வேண்டும். வாசனையை மறைக்க அதைவிடப் பெரிய நாற்றம் வேண்டும். படகுப் பட்டறையில் அதற்குப் பஞ்சமில்லை. சுறா மீன் எண்ணெயை எடுத்து உளுந்தின் மேல் மூன்று பூச்சு பூசினார்.

மறுநாள் படகு திரும்பியபோது மூசாவின் முகத்தில் மரியாதை தெரிந்தது.

"இன்னிக்கு வாடேயோட மீன் பொரியலும் சேர்ந்துடுச்சு, தாஸ். ஒரு போலீஸ்காரன் அழுதுட்டான். அவன் சம்சாரம் கிளாந்தான்ல இருக்குது."

படகுக்குப் பின்னாலேயே காக்கைக் கூட்டம் ஒன்றும் வந்து சேர்ந்திருந்தது. பருந்து இரண்டு, மேலே வட்டமடித்துக்கொண்டு. யாருக்கும் தெரியாமல் பதுங்கிப் போகவேண்டிய படகின் தலைக்கு மேல், ஒரு மைல் தூரத்துக்குத் தெரிகிற மாதிரி கறுப்பாக ஒரு குடை.

அமலதாஸ் செம்புத் தகடு ஒன்றை வெட்டி, குழாயைச் சுற்றிக் கவசம் போல் வைத்து, ஆணியடித்து இறுக்கினார். காற்றுகூட நுழையாது என்று சிவானந்தத்திடம் சத்தியம் செய்தார். காற்று நுழையவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதுவரை அடுப்பு மட்டும் இருந்த இடத்தில் இப்போது சட்டியும் கிடைத்துவிட்டது. முன்பு கருகிக்கொண்டிருந்த உளுந்து, செம்பு பட்டதும் பதமாய், பொன்னிறமாய், நிதானமாய் வேக ஆரம்பித்தது. மாடில்டாவின் கையில்கூட அப்படியொரு பக்குவம் வந்ததில்லை என்று அமலதாஸ் மனதுக்குள் ஒப்புக்கொண்டார். வெளியே சொல்லவில்லை.

அன்று படகைத் துறையில் கட்டிய அரை மணி நேரத்தில் பக்கத்து மலாவாத்திக் குன்றின் குரங்குகள் மொத்தமும் கீழே இறங்கி வந்தன. ஒரு தாய்க்குரங்கு பின்பலகையில் உட்கார்ந்து தகட்டைப் பிரிக்கப் பார்த்தது. குட்டி ஒன்று துரையின் தொப்பியைப் போட்டுக்கொண்டு செராங்கு இடத்தில் உட்கார்ந்தது. துரை வானத்தை நோக்கிச் சுட்டார். குரங்குகள் போய்விட்டன. தொப்பியும் போய்விட்டது.

"நாளைக்குத் தச்சரும் படகில் வரவேண்டும்" என்று துரை சொன்னதாகச் சிவானந்தம் வந்து சொன்னார். "வாசனை எங்கேருந்து வருதுன்னு நீதான் கண்டுபிடிக்கணுமாம்."

"நானா?"

"உன்னைவிட யாருக்குத் தெரியும்?" என்றார் சிவானந்தம்.

நாலாம் நாள் அமலதாஸ் படகின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, இருபுறமும் நீப்பாப் பனையும் புதருமாய் நகர்ந்துகொண்டிருந்த கரையைப் பார்த்தபடி போனார். துரை எஞ்சின் அறையை முகர்ந்தார். கயிற்றுச் சுருளை முகர்ந்தார். மூசாவை முகர்ந்தார். அமலதாஸும் தன் பங்குக்கு நங்கூரத்தை முகர்ந்துவிட்டு, "இங்க இல்ல துரை" என்று தலையை ஆட்டினார். குழாய் முதுகுக்குப் பின்னால் பதமாக வெந்துகொண்டிருந்தது.

தோட்டங்களைத் தாண்டி ஆறு ஒரு வளைவில் திரும்பியது. அங்கேதான் அது நடந்தது.

வலது கரையில் நீப்பா மட்டைகள் சரசரவென்று அசைந்தன. யாரோ கத்தினார்கள். ஒருவர் அல்ல, பல பேர். எஞ்சின் இரைச்சலில் என்ன கத்துகிறார்கள் என்று புரியவில்லை. பிறகு தடதடதடவென்று ஒரு சத்தம்.

"மெஷின் கன்!" என்று கூவிக்கொண்டு துரை குப்புற விழுந்தார். போலீஸ்காரர்கள் அவர் மேல் விழுந்தார்கள். அமலதாஸ் எல்லோருக்கும் முன்பே விழுந்திருந்தார். படுத்த நிலையிலேயே எல்லோரும் கரையைப் பார்த்துச் சுட்டார்கள். நீப்பா ஓலை நாலைந்து அறுந்து விழுந்தது. மூசா எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளினார். குழாய் பழுக்கக் காய்ந்தது. வாசனை குபீரென்று கிளம்பி ஆற்றை நிறைத்தது.

அமலதாஸ் தலையைச் சற்றே தூக்கிப் பார்த்தார். கரையில் புதருக்குள் உருவங்கள் படகோடு கூடவே ஓடி வந்தன. ஒருவன் வெள்ளைத் துணியையோ சட்டையையோ தலைக்கு மேல் சுழற்றினான்.

"துரத்தறாங்க!" என்று மூசா கத்தினார். "அம்மாடி, துரத்தறாங்க!"

இருபது வருஷம் ஆற்றில் இருந்த மூசாகூட, பதுங்கிச் சுடுகிற ஆட்கள் படகைக் காலால் துரத்தி அன்றுதான் பார்த்தார். ஒரு மைல் தூரம் ஓடி வந்தார்கள். பிறகு மூச்சு வாங்கியிருக்க வேண்டும், ஒவ்வொருவராய் நின்றுவிட்டார்கள்.

துரை அன்று எழுதிய அறிக்கையில் நாற்பது பேர், இரண்டு மெஷின் கன், கடும் சண்டை என்றெல்லாம் இருந்ததாகச் சிவானந்தம் சொன்னார். தொப்பியும் அந்தச் சண்டையில்தான் போனதாம்.

"கடைசி வரியிலதான் கொஞ்சம் கஷ்டம்" என்றார் சிவானந்தம், அமலதாஸின் முகத்தைப் பார்க்காமல். "படகு வர்றத எதிரிக்குக் காட்டிக் குடுக்க, பட்டறையில யாரோ வேணும்னே வாசனை வச்சிருக்காங்கன்னு எழுதியிருக்காரு. நாளைக்குக் காலையில உன்ன வரச் சொன்னாரு."

அமலதாஸ் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மாடில்டா கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினாள். கேட்டு முடித்ததும் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. அதுதான் அவரை நிஜமாகவே பயமுறுத்தியது.

காலையில் துரையின் அறையில் மின்விசிறி சுற்றியது. மேசைக்கு அந்தப் பக்கம் புதுத் தொப்பியோடு துரை. இந்தப் பக்கம் அமலதாஸ். நடுவில், இரண்டு பக்கமும் இடிபடாமல் சிவானந்தம்.

"அந்த ஓட்டையில் என்ன வைத்தாய் என்று கேட்கிறார்."

"வடை மாவு."

சிவானந்தம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு, வடை என்பது பருப்பை அரைத்துத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, எண்ணெயில் பொரிக்கும் பலகாரம் என்று இங்கிலீஷில் சொல்லிவைத்தார். துரை பேனாவைக் கீழே வைத்தார்.

"என்னவாம்?" என்றார் அமலதாஸ்.

"ஓட்டைய அடைக்க, ஓட்ட உள்ள பலகாரத்த எவனாச்சும் வைப்பானான்னு கேக்குறாரு."

அமலதாஸ் யோசித்தார். அந்தக் கோணத்தில் அவர் அதுவரை யோசித்ததில்லை. கேட்டால் நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

துரை சிவப்பு முத்திரை போட்ட ஒரு காகிதத்தை இழுத்து எழுதத் தொடங்கினார். கோலாலம்பூர், விசாரணை, காவல் என்று சிவானந்தம் கிசுகிசுத்தார். அப்போது கதவு திறந்தது. மாடில்டா ஒரு தூக்குச்சட்டியோடு உள்ளே வந்தாள். பின்னாலேயே கேட்டு கான்ஸ்டபிளும் வந்தான். உணவுப் பொருளைக் கேட்டைத் தாண்டிக் கொண்டுவந்ததற்காக அவளைப் பிடித்து வந்தானாம். அவன் வாயில் எண்ணெய் மினுங்கியது.

"சொல்லுங்க கிராணியாரே" என்றாள் மாடில்டா. "இவரு கொம்னிஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் மாவத் திருடுனவரு. எனக்குத்தான் கேசு போட உரிமை, துரைக்கு இல்ல. நம்பலன்னா இதத் தின்னு பாக்கச் சொல்லுங்க. அதே ஆட்டுக்கல்லு, அதே உளுந்து."

தூக்குச்சட்டியைத் திறந்தாள். அறை நிறைந்தது. துரையின் மூக்கு தானாக உயர்ந்தது. நாலு நாளாகப் படகில் அவர் தேடித் தேடி அலைந்த வாசனை அது.

ஒன்றை எடுத்துக் கடித்தார். சாட்சியம் என்றால் நன்றாகப் பரிசோதிக்க வேண்டும் என்பது போல இன்னொன்றையும் எடுத்தார். மூன்றாவதை எடுக்கும்போது சிவப்பு முத்திரைக் காகிதம் எண்ணெய்க் கையால் நகர்ந்து ஓரத்துக்குப் போனது. அமலதாஸ் மூச்சு விட்டார்.

விட்ட மூச்சை உடனே திரும்ப இழுக்க வேண்டியதாயிற்று.

வெளியே பூட்ஸ் சத்தம். ஒரு போலீஸ்காரன் சல்யூட் அடித்து ஏதோ சொன்னான். துரை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். மூன்று பேர் கையைத் தூக்கிக்கொண்டு துறைக்கு நடந்து வந்து சரணடைந்திருக்கிறார்கள்! காட்டிலிருந்து! மூன்று பேரையும் உள்ளே கொண்டு வந்தார்கள். இரண்டு பேர் சீனர்கள், ஒருவன் தமிழன், தோட்டத்து ஆள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு ஆளுக்குத் தேவையான சதைதான் இருந்தது.

துரையின் நெஞ்சு விரிந்தது. "நாங்கள் சுட்ட சூடு அப்படி!" என்றார். சிவானந்தம் மொழிபெயர்த்தார். தமிழன் ஒன்றும் புரியாமல் விழித்தான்.

துரை சட்டென்று அமலதாஸின் பக்கம் கையை நீட்டினார். "படகு வருவது உங்களுக்கு எப்படித் தெரியும்? இவன் சொன்னானா?"

"இல்லீங்க" என்றான் அந்தத் தமிழன். "வாசனை வந்துச்சு."

அமலதாஸ் மாடில்டாவின் பக்கம் நகர்ந்தார். மாடில்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். துரை சிவப்பு முத்திரைக் காகிதத்தை மறுபடி பக்கத்தில் இழுத்தார்.

"வாசனையை வைத்துப் படகுக்காகக் காத்திருந்தீர்கள்?"

"ஆமாங்க. மூணு நாளா ஆத்தோரத்துலயேதான் ஒக்காந்திருந்தோம்."

"எத்தனை பேர்?"

"நாங்க மூணு பேருதாங்க."

துரை அதை எழுதவில்லை. "நாலாம் நாள் மெஷின் கன்னால் எங்களைத் தாக்கினீர்கள். ஓடும் படகை ஒரு மைல் துரத்தினீர்கள். உண்மையா இல்லையா?"

சிவானந்தம் கேள்வியைத் தமிழில் சொல்லி முடித்தார். அந்த ஆள் காலியாகிக்கொண்டிருந்த தூக்குச்சட்டியை ஒரு முறை பார்த்தான், துரையின் உதட்டோரத்து எண்ணெயை ஒரு முறை பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது.

"தாக்கவே இல்லீங்க! தகரத்தத் தட்டித் தட்டிக் கூப்புட்டோம், சட்டையக் கழட்டி வீசிக் கூப்புட்டோம்; வடை விக்கிற படகு நிக்காமப் போயிருச்சு, அதான் கடையத் தேடி நாங்களே வந்துட்டோம்."